இசைக்குக் கணக்குப் பார்த்த மருந்துக் கடைக்காரர்

தராசு பிடிக்கும் நமக்கும் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று சகோதரர்கள் சிலர் கேட்கலாம். நாம் பாடத் தெரிந்தவர் அல்லர். மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததுதான் நம் படிப்பு. ஆயினும் பெரியோர் வரலாறு எழுதும்படி சங்கத்தார் கேட்டபோது, நமக்கு முதலில் நினைவு வந்தவர் ஒரு கடைக்காரரே. அவர் மருந்து விற்றுப் பொருள் தேடினார். தேடிய பொருளை இசையின் கணக்கைக் கண்டறியச் செலவழித்தார். அவர்தாம் தஞ்சாவூர் ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்.

இசை கூடுமா கூடாதா என்னும் மஸ்அலாவுக்குள் நாம் நுழையவில்லை. அது ஆலிம்கள் பேச வேண்டியது. பண்டிதர் கிறிஸ்தவ சமயத்தவர் என்பதும் யாவரும் அறிந்ததே. இல்ம் யாரிடம் இருந்தாலும் அதை மதித்துக் கேட்பது நம் முன்னோர் வழக்கம். அந்த வழக்கப்படியே இதை எழுதுகிறோம்.

நம் மலைப்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. கணக்கில் கெட்டிக்காரப் பையன் பாட்டுப் பக்கம் போனால் கெட்டுப் போவான் என்பார்கள். பாட்டில் ஆசை கொண்ட பையனுக்குக் கணக்கு ஏறாது என்பார்கள். இரண்டும் வெவ்வேறு மூளை என்று பெற்றோரும் நம்பி விடுகிறார்கள். பண்டிதருடைய வாழ்க்கை இந்தப் பேச்சுக்கு நேர் மாறானது.

பிறப்பும் படிப்பும்

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி சாம்பவர் வடகரை என்னும் ஊரில் பிறந்தார். அன்று அது திருநெல்வேலி ஜில்லா. இன்று தென்காசி மாவட்டம். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். பெரிய சொத்துள்ள குடும்பம் அன்று. பையனைப் படிக்க வைத்தார்கள். அவர் திண்டுக்கல்லுக்குப் போய் ஆசிரியர் பயிற்சி பெற்று அங்கேயே வாத்தியாருமானார்.

திண்டுக்கல்லில் சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் வயலின் கற்றுக் கொண்டார். புகைப்படம் எடுக்கவும் அச்சுத் தொழில் பார்க்கவும் பழகினார். எதைக் கண்டாலும், இது எப்படி நடக்கிறது என்று அடி வரைக்கும் போய்ப் பார்க்கும் குணம் அவருக்கு இளமையிலேயே இருந்தது.

மருந்து மூலிகைகளைத் தேடிச் சுருளி மலைக்குப் போனார். அங்கே கருணானந்தர் என்னும் முனிவரைச் சந்தித்து அவரிடம் வைத்திய முறைகளைக் கற்றார். அந்தக் குருவை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பின்னாளில் தம்முடைய வைத்தியசாலைக்கும் புத்தகத்துக்கும் வைத்த பெயர்களில் கருணை என்னும் சொல் வருவது அதனால்தான்.

தஞ்சாவூர்க் கடை

1883இல் அவர் தஞ்சாவூருக்கு வந்தார். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. அவருடைய மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் அதே பள்ளியில் ஆசிரியை. பள்ளி வேலையோடு மருந்தும் கொடுத்து வந்தார். மருந்துக்கு ஆள் பெருகிற்று. சில ஆண்டுகளில் வேலையை விட்டு முழு நேர வைத்தியரானார். கருணாநிதி வைத்தியசாலை என்று பெயர் வைத்தார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்ற பெயரில் அவருடைய மாத்திரைகளும் லேகியங்களும் பல ஊர்களுக்கும் போயின.

ஊருக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டமும் போட்டார். தேவையான மூலிகைகளைத் தாமே பயிரிட்டார். கரும்பிலும் மற்றப் பயிர்களிலும் பரீட்சைகள் செய்து பார்த்தார். மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்று அழைத்தார்கள். 1909இல் அரசாங்கம் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது. சொந்தமாக அச்சுக்கூடமும் வைத்தார்.

இவ்வளவு கிடைத்த பிறகு சாதாரண மனிதன் என்ன செய்வான்? இன்னொரு கடை திறப்பான், வீடு கட்டுவான். பண்டிதரோ சுருதி எத்தனை என்று கேட்கத் தொடங்கினார்.

ஒரு கம்பியும் ஒரு கேள்வியும்

அந்தக் கேள்வியை நம் சக்திக்கு எட்டியவரை சொல்கிறோம். வாசகர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

36 அங்குல நீளமுள்ள ஒரு கம்பியை இழுத்துக் கட்டி மீட்டினால் ஒரு ஒலி வரும். அதை ஸ என்று வைத்துக் கொள்வோம். சரி பாதியில், 18 அங்குலத்தில், விரல் வைத்து மீட்டினால் அதே ஸ மேல் தாயியில் கேட்கும். 24 அங்குலத்தில் வைத்தால் ப கேட்கும். இது படிக்காதவன் காதுக்கும் இனிமையாகவே இருக்கும். ஆக, காது இனிமை என்று சொல்லும் இடத்தில் கணக்கும் நேராக நிற்கிறது. பாதி, மூன்றில் இரண்டு என்று சின்னச் சின்ன எண்களே அங்கே வருகின்றன.

கீழ் ஸ முதல் மேல் ஸ வரை உள்ள தூரத்தில் நுட்பமான படிகள் எத்தனை? இந்தப் படிக்குத்தான் சுருதி என்று பெயர். பரத முனிவரின் நூலும், 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரமும் 22 என்று சொல்கின்றன. நூல் சொல்லிவிட்டது, பெரியவர்கள் ஒப்புக் கொண்டுவிட்டார்கள். பிறகு வந்தவர்களும் 22 என்றே எழுதி வந்தார்கள்.

பண்டிதர் அந்த 22ஐக் கம்பியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு வித்துவானும் 22 என்ற எண்ணை ஒப்புக் கொண்டார். ஆனால் அந்த 22 படிகளும் கம்பியில் எங்கெங்கே விழுகின்றன என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார். எண் ஒன்று, அளவு பல. கடைக்காரனுக்கு இது உடனே விளங்கும். எல்லாரும் ஒரு படி அரிசி என்கிறார்கள். ஒவ்வொருவர் வீட்டுப் படியும் ஒவ்வோர் அளவாக இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்?

வட்டம் மூட வேண்டும்

பண்டிதர் பழந்தமிழ் நூல்களைப் புரட்டினார். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஏழு பெண்கள் ஏழு சுரங்களின் பெயர் பெற்று வட்டமாக நின்று ஆடுகிறார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன அப்பெயர்கள். உரையாசிரியர்கள் பன்னிரண்டு இராசிகளையும் வட்டமாகப் போட்டு அதில் சுரங்களை நிறுத்திக் காட்டுகிறார்கள். ஒரு சுரத்திலிருந்து அதற்கு ப ஆகும் சுரத்துக்குத் தாவித் தாவிப் போனால், பன்னிரண்டு சுர நிலைகளையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அப்போதுதான் வட்டம் மூடும்.

இங்கேதான் சிக்கல். ஸ ஒன்று என்றால் ப ஒன்றரை. பன்னிரண்டு தரம் ஒன்றரையால் பெருக்கினால் ஏறத்தாழ 129 முக்கால் வரும். மேல் ஸ என்பது இரண்டு மடங்கு. ஏழு தாயி ஏறினால் 128 வரும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டியவை. ஆனால் ஒன்றே முக்கால் மிஞ்சுகிறது. வட்டம் மூடவில்லை. கிரேக்க தேசத்து அறிஞர் காலம் முதல் உலகத்தார் பலரையும் வாட்டிய மிச்சம் இது.

பண்டிதர் சொன்ன தீர்வு இதுதான். எல்லாப் படிகளையும் சம வீதத்தில் வைக்க வேண்டும். கூட்டலில் சமம் அன்று, பெருக்கலில் சமம். வட்டிக்கு வட்டி போடும் கணக்கைப் போன்றது. நாம் வட்டி வாங்குகிறவர் இல்லை. ஆனால் அந்தக் கணக்குத் தெரியாத கடைக்காரர் இல்லை. ஒவ்வொரு படிக்கும் முன் எண்ணை ஏறத்தாழ 1.0293 ஆல் பெருக்கிக் கொண்டே போனால், 24ஆம் படியில் மிகச் சரியாக இரண்டு மடங்காகும். பன்னிரண்டு சுர நிலைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சுருதிகள், ஆக 24. மிச்சமில்லை, வட்டம் மூடுகிறது.

அப்படியானால் 22 எங்கிருந்து வந்தது? பழைய தமிழ் நூல்களின் அலகுக் கணக்கிலும் 4, 4, 3, 2, 4, 3, 2 என்று கூட்டினால் 22தான் வருகிறது. பண்டிதர் இதற்கும் விடை சொன்னார். கைக்கிளைக்கும் விளரிக்கும் நான்கு நான்கு அலகே உண்மை. பண் பாடும்போது அவ்விரண்டிலும் ஓர் அலகு குறைத்துப் பாடும் முறை இருந்தது. குறைத்த கணக்கையே முழுக் கணக்கென்று பிற்காலத்தார் எடுத்துக் கொண்டார்கள் என்றார். இரண்டையும் சேர்த்தால் 24 ஆகிறது.

சபையில் வைத்த சாட்சி

இதைத் தம் வீட்டில் உட்கார்ந்து எழுதி முடித்துக் கொண்டிருந்தால் அவர் ஒரு கணக்கர் மட்டுமே. அவர் அப்படிச் செய்யவில்லை. 1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்ற சபையைத் தொடங்கினார். அடுத்தடுத்து இசை மாநாடுகள் கூட்டினார். வித்துவான்களைத் தம் செலவில் வரவழைத்தார். அவர்களைப் பாடச் சொல்லியும் வீணை வாசிக்கச் சொல்லியும் கேட்டார். நூல் கற்றவர்களையும் கணக்குக் கற்றவர்களையும் அதே சபையில் உட்கார வைத்தார். மருந்துக் கடையில் வந்த பணம் இந்த வழியில் போயிற்று.

1916இல் பரோடா மன்னர் ஆதரவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு கூடிற்று. வடநாட்டுப் பெரிய இசையறிஞர் பாத்கண்டே அதன் பின்னிருந்து உழைத்தார். பண்டிதர் அங்கே போய்த் தம் கொள்கையை விளக்கினார். அவர் குடும்பத்துப் பெண்கள் சபையில் வீணை மீட்டிப் பாடிக் காட்டினார்கள். குடும்பப் பெண்கள் மேடையேறுவது அருமையாக இருந்த அந்தக் காலத்தில் இது சிறிய செய்தி அன்று. அதே மாநாட்டில் தேவல் என்னும் மராட்டிய அறிஞரும், கிளெமெண்ட்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியும் 22 சுருதிகளுக்கென்றே அமைத்த ஆர்மோனியத்தைக் கொண்டு வந்து தங்கள் பக்கத்தை எடுத்துரைத்தார்கள். விவாதம் பலமாக நடந்தது.

மறு ஆண்டு, 1917இல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெரும் புத்தகம். இதில் கணக்கு அட்டவணைகளும் உண்டு, பழந்தமிழ்ச் செய்யுள்களின் ஆராய்ச்சியும் உண்டு. முன்னோர் ஒவ்வொருவரின் சுருதிக் கணக்கையும் எடுத்து வைத்து, எங்கே சேருகிறது, எங்கே சேரவில்லை என்று வரிசையாகக் காட்டுகிறார். இராகங்களைப் பற்றிய இரண்டாம் பாகம் அவர் காலத்தில் வெளிவரவில்லை, 1946இல்தான் அச்சாயிற்று.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி, 60 வயதில் அவர் காலமானார். தம்முடைய தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

காது சொல்லும் மறுப்பு

பண்டிதர் வென்றாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய 24ஐ இசை உலகம் முழுவதும் ஏற்கவில்லை. மட்டக்களப்பு விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூல் 22 அலகுகளையே கொண்டு ஆராய்கிறது. இன்றும் பாடப் புத்தகங்களில் 22 என்றே பெரும்பாலும் படிக்கிறோம்.

எதிர்ப் பக்கத்தாரிடமும் நியாயம் உண்டு. பண்டிதர் கணக்குப்படி ப என்பது 24 அங்குலத்தில் விழாமல் 24.03 அங்குலத்தில் விழும். இது மயிரிழை வித்தியாசம்; காதுக்கு எளிதில் தெரியாது. ஆனால் க விஷயம் அப்படியன்று. காதுக்கு மிக இனிமையான க, ஐந்தில் நான்கு பங்கில், அதாவது 28.8 அங்குலத்தில் இருக்கிறது. சம வீதக் கணக்கிலோ அது 28.57 அங்குலத்தில் விழுகிறது. கிட்டத்தட்டக் கால் அங்குலம் தள்ளி! தேர்ந்த காது இதை உடனே கண்டுபிடித்து விடும். வட்டத்தை மூடுவதற்குக் கொடுத்த விலை இது.

இன்னொன்றும் உண்டு. நம் தென்னாட்டு இசையில் சுரம் ஆணி அடித்தது போல ஓர் இடத்தில் நிற்பதில்லை. அசையும், குழையும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டு மீளும். இதைக் கமகம் என்பார்கள். பின்னாளில் கருவிகளைக் கொண்டு பாடகர் குரலை அளந்தவர்கள், ஒரே சுரம் இராகத்துக்கு இராகம், ஆளுக்கு ஆள் நகருவதைக் கண்டார்கள். ஆகவே 22 என்றாலும் 24 என்றாலும், பாட்டு அந்த வேலிக்குள் முழுவதும் அடங்குவதில்லை.

நம்மவர் செய்த தீர்ப்பு

இந்த வழக்கு தஞ்சாவூரில் மட்டும் நடந்ததன்று. நம் இஸ்லாமிய அறிஞர்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தீர விசாரித்திருக்கிறார்கள். 950இல் டமாஸ்கஸில் மறைந்த அறிஞர் ஃபாராபி இசையைப் பற்றிய பெரிய கிதாபு ஒன்றை எழுதினார். தத்துவத்திலும் தர்க்கத்திலும் அரிஸ்டாட்டிலுக்கு அடுத்த ஆசான் என்று பெயர் பெற்றவர் அவர். எண்களைக் கொண்டே இசையை முடித்து விடலாம் என்று அவர் நினைக்கவில்லை. முதலில் தேர்ந்த கலைஞன் வாசிக்க வேண்டும். பிறகுதான் கணக்கன் காரணம் தேட வேண்டும் என்பது அவர் கொண்ட முறை.

ஓர் உதாரணம் சொல்கிறோம். 791இல் காலமான ஸல்ஸல் என்னும் பாக்தாத் ஊத் வித்துவான், பழைய கணக்கில் எங்கும் இல்லாத ஓரிடத்தில் நடுவிரல் வைத்து வாசித்தார். அது பெரிய க அன்று, சின்ன க அன்று. இரண்டுக்கும் இடையில் ஓர் ஒலி. கேட்டவர்கள் மயங்கினார்கள். ஃபாராபி அதைச் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளவில்லை. கம்பியின் நீளத்தை அளந்து, 27க்கு 22 என்று கணக்கெழுதித் தம் கிதாபில் சேர்த்துக் கொண்டார். 1294இல் மறைந்த ஸஃபியுத்தீன் உர்மவி பின்னர் ஒரு தாயியை 17 இடங்களாக வகுத்தார். அங்கே 17, இங்கே 22, பண்டிதரிடம் 24. எண்கள் மாறுகின்றன, காதையும் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முறை மாறவில்லை.

இதை விளங்கிக் கொள்ள நம் காமரன் மலைக்காரர்களுக்குப் புத்தகம் கூட வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒரு தரம் போய்ப் பார்த்தால் போதும். கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க வைக்கிறார்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதற்குக் கணக்கு உண்டு. சுவரில் கடிகாரம் உண்டு. ஆனால் மழை நாள் கொழுந்து வேறு, வெயில் நாள் கொழுந்து வேறு. தேர்ந்த தேயிலைக்காரர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, நிறம் பார்த்து, போதும் என்கிறார். கடிகாரம் இன்னும் ஐந்து நிமிஷம் காட்டினாலும் அவர் மூக்குச் சொன்னதே முடிவு. அதற்காக எவரும் கடிகாரத்தைக் கழற்றி எறிவதில்லை. அது இல்லாவிட்டால் நாளைக்கு அதே தேயிலையை மறுபடியும் எடுக்க முடியாது.

பண்டிதரிடம் படிக்க வேண்டியது

மத்ரஸாவில் நமக்குக் கற்றுத் தந்த ஒரு விஷயம், கொடுக்கல் வாங்கலுக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது. பண்டிதர் இசைக்கும் இரண்டு சாட்சி கேட்டார். காது ஒரு சாட்சி. கணக்கு ஒரு சாட்சி. நூலில் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் அவர் சாட்சியாக ஏற்கவில்லை. அதே சமயம் பழைய நூலை இகழவும் இல்லை. சிலப்பதிகாரத்தையே ஊன்றிப் படித்து, சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்த்தார். மரபை மதிக்கிறவன்தான் அதைச் சோதித்தும் பார்க்கிறான் என்பதை அவரிடம் காண்கிறோம்.

அவர் எண்ணை ஏற்காதவர்களும் அவர் தொடங்கிய வேலையை விட முடியவில்லை. தமிழ் நூல்களுக்குள் இசையிலக்கணம் புதைந்து கிடக்கிறது என்பதை அந்தப் பெரும் புத்தகம் ஊரறியச் செய்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததற்கும், பண் ஆராய்ச்சிகள் நடந்ததற்கும் முன்னோடியாக அவரையே சொல்கிறார்கள். தோற்ற வழக்கிலும் அவர் திரட்டிய சாட்சியங்கள் வீண் போகவில்லை.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பண்டிதர் தம் தொழிலை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போகவில்லை. மருந்து இடித்தார், தோட்டம் பார்த்தார், கணக்கெழுதினார். அதனோடு இதையும் செய்தார். லாபத்தில் ஒரு பங்கை அறிவுக்கென்று எடுத்து வைத்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்த எண்ணம் வருகிறது?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பையன் டின்னைத் தட்டித் தாளம் போட்டால் காதைத் திருகாதீர்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அவனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மகள் கணக்கில் சிறந்தவளானால், ஒரு ரப்பர் வளையத்தைப் பெட்டியில் இழுத்துக் கட்டி, பாதியில் விரல் வைத்து மீட்டிக் காட்டுங்கள். ஒலி ஏன் மேலே போயிற்று என்று அவளே கேட்பாள். தஞ்சாவூர் மருந்துக் கடைக்காரரும் இப்படி ஒரு கம்பியில் விரல் வைத்துத்தான் தொடங்கினார்.